இரண்டாம் எண் தாலாட்டு

என் ஓரகத்தியின் குரலால் இந்த வீட்டில் வீணாய்ப் போன தண்ணீருக்கு அளவே இல்லை. ஒரு காலத்தில் எங்கள் வானொலி நிலையம் தினமும் நிகழ்ச்சிகளை முடிக்கும் முன் அவள் பாடிய தாலாட்டைப் போடும். முதல் வரி ஆரம்பிக்கும்போதே நான் சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவேன். பாத்திரம் இருக்கிறதோ இல்லையோ, தேய்த்துக்கொண்டே இருப்பேன். பாட்டு முடிந்த பிறகுதான் குழாயை மூடுவேன். ஊரே மனப்பாடமாக வைத்திருந்த பாட்டை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. மாடியில் நாங்கள், கீழே அவர்கள். வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவள், இவள்தான்.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தாலாட்டை நானும்தான் பாடினேன். நிலையத்தின் இசையமைப்பாளர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அதைச் சொல்லிக்கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகப் பதிவு செய்தார். எனக்கு அன்றைக்குப் பார்த்துச் சளி. மூக்கு அடைத்து, தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் அவளுடையதை எடுத்துக்கொண்டார். பிறகு எனக்கு அங்கேயே குழுப்பாடகியாக வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, ஓய்வு பெறும்போது ஒரு சுவர்க்கடிகாரமும் கிடைத்தது. ஆனால் தனியாக என் குரல் ஒருநாளும் காற்றில் போகவில்லை. நான் பெற்ற மகளே, "பெரியம்மா பாட்டு முடிஞ்சாத்தான் தூங்குவேன்" என்று அடம்பிடிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பாத்திரம் தேய்ப்பேன்.

இப்போது நிலையம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. ஒலிநாடா அறையைக் காலி செய்தாக வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. வருங்காலத்துக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். பொறுக்கி எடுக்க மூன்று பேர் குழு. கல்லூரியில் இசை சொல்லித்தரும் பேராசிரியை, நிலையத்தின் பழைய தபேலாக்காரர், நான். அவர்கள் இருவரும் அந்தத் தாலாட்டு ஒலிபரப்பு நின்றுபோன பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள். யார் பாடியது என்று தெரியாமல் கேட்க வேண்டும் என்பது விதி. நாடாப் பெட்டிகளின் மேல் எண் மட்டும் இருக்கும், பெயர் உறைக்குள் இருக்கும். குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டால் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும்.

தாலாட்டுக்கு ஒரே ஓர் இடம். வந்திருந்தவை இரண்டே நாடாக்கள். பேராசிரியை பாட்டின் முதல் வரியைப் படித்துக் காட்டியதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் தாலாட்டு. ஒன்று அவள், ஒன்று நான். வெளியே போவதா? நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்து நியாயம் கிடைக்கப் போகிறது என்று தோன்றியது.

நாடாக்கள் பழசாகிப் பிசுபிசுத்துப் போயிருந்தன. மெஷின்காரர் அவற்றை ஓர் இரும்புப் பெட்டியில் மெல்லிய சூட்டில் வைத்து உலர்த்திய பிறகுதான் ஓட்டினார். "ரொம்ப ஓட்ட முடியாதுங்க. ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல தாங்காது" என்றார்.

முதலாம் எண் ஓடியது. நாலு வார்த்தைக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கனம், அதே இழுவை. அவள்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டேன். குழாய் இல்லாத அறை, வேறு வழியில்லை. மேலே போகிற இடத்தில் ஒரு சின்னத் திணறல் இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்! பத்துக்கு இரண்டு என்று எழுதினேன். ஒன்றுதான் போட நினைத்தேன், பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று ஒன்றைக் கூட்டினேன்.

தபேலாக்காரர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே முகத்தைச் சுளித்தார். "தாளம் கொஞ்சம் இழுக்குதே. மெஷின் சரியா ஓடுதா?"

"தாலாட்டுன்னா இழுக்கத்தான் செய்யும். ஓடிக்கிட்டே பாடினா பிள்ளை எப்படித் தூங்கும்?" என்றேன். பேராசிரியை சிரித்தார். தபேலாக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் எண் ஓடியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆழமான குரல். கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் நிதானமாக வந்தது. பிள்ளையைத் தூங்கச் சொல்லிக் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. இதுவா நான்? என் குரலில் இவ்வளவு அடர்த்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சளி! தொண்டை கட்டியிருந்ததே, அதுதான் இப்படி இறங்கி ஒலிக்கிறது. எதைக் குறை என்று நினைத்து இத்தனை காலம் மனம் வெந்தேனோ அதுவே இப்படி ஓர் அழகைக் கொடுத்திருக்கிறது. இதையா அந்த மனுஷர் ஒதுக்கினார்? இதையா இருட்டறையில் போட்டு மூடினார்கள்? கண்ணில் தண்ணீர் முட்டியது. என் மேலேயே எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. பத்துக்குப் பத்து போட்டேன்.

பேராசிரியை சீட்டுகளை வாங்கிப் படித்தார். மற்ற இருவருமே இரண்டாம் எண்ணைவிட முதலாம் எண்ணுக்கு ஒரு மார்க் அதிகமாகப் போட்டிருந்தார்கள். காது கெட்ட ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் என் இரண்டும் பத்தும் சேர்ந்ததும் கணக்கு புரண்டது. இரண்டாம் எண் ஜெயித்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

"எனக்கு மனசு ஒப்பலைங்க" என்றார் தபேலாக்காரர். "இது மெஷின் கோளாறுதான். ஒரு தடவை பாத்துடுங்க."

மெஷின்காரர் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்துபோய் வழுக்கிக்கொண்டிருந்தது. "அய்யய்யோ, மெதுவா ஓடியிருக்கு. குரலெல்லாம் ஒரு கட்டை இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புது பெல்ட் மாட்டினார். இரண்டு நாடாவையும் ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் ஓட்டிக் காட்டினார்.

முதலாம் எண்ணில், கீச்சென்ற குரல் ஒன்று மூக்கடைப்போடு பாடியது.



"அட! இது நீங்கதானே?" என்று தபேலாக்காரர் துள்ளினார். "இத்தனை வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து வாசிச்சவன், எனக்குத் தெரியாதா?"

இரண்டாம் எண் ஓடியது. கனமான, நிதானமான குரல், இப்போது கொஞ்சம் மேலேறி, தினமும் கீழ்வீட்டிலிருந்து "காய்கறிக்காரர் வந்துட்டாரு" என்று மாடிக்குக் கேட்கிற குரலாக ஆகியிருந்தது. பேராசிரியை உறையைப் பிரித்துப் பெயரையும் முகவரியையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டு விலாசம்ல இருக்கு! யாரு இவங்க?"

"என் ஓரகத்தி" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று தெரியவில்லை.

பேராசிரியை எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு. வெளிய போனா யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்னு, உள்ளயே இருந்து உங்க பாட்டுக்கு நீங்களே ரெண்டு போட்டிருக்கீங்க. அவங்களுக்குப் பத்து. இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்காங்க?"

தபேலாக்காரருக்கு மட்டும் சமாதானமாகவில்லை. "மெஷின் தப்பு பண்ணியிருக்கு. மறுபடி மார்க் போடுறதுதான் நியாயம். நீங்க சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் எழுந்து வெளியே போயிருந்தாலே என் பாட்டு ஜெயித்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. என் குரலுக்கு நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். ஆனால் பேராசிரியை இன்னும் என் கையை விடவில்லை. நான் என்னவோ தெய்வம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் இருந்தது. பத்து போட்டபோது நான் பொய் சொல்லவில்லை.

"இருக்கட்டும். போட்டது போட்டதுதான்" என்றேன்.

கிளம்பும்போது மெஷின்காரர் முதலாம் எண்ணை என் கையில் கொடுத்தார். "கழிச்சதுலதான் போகும். நீங்களாவது வச்சுக்கங்க." அதை ஓட்டுவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? இருந்தாலும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. நிலையத்திலிருந்து போன் செய்து, என் பெருந்தன்மையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவளும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நீ தினமும் கைப்பைய மாட்டிக்கிட்டு வேலைக்குக் கெளம்புவ. நான் இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு ஒரு பாட்டு. அதோட சரி. உனக்கு முப்பது வருஷம் பாட்டு. ஒரு நாளாவது நல்லா இருன்னு மனசார நெனச்சேனான்னு கேட்டா, இல்லடி."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"உன் எடத்துல நான் இருந்திருந்தா, சத்தியமா சொல்றேன், உனக்குப் பத்து போட்டிருக்க மாட்டேன். ஒண்ணோ ரெண்டோதான் போட்டிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அவள் மேல் முதன்முதலாக எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான். அந்தப் பிரியத்தில்தான் வாய் திறந்துவிட்டது.

"அந்த ரெண்ட நான் போட்டுட்டேன், அக்கா. உங்க பாட்டுன்னு நெனச்சு."

அவள் மேசைமேல் இருந்த என் கைப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எனக்குப் போட்ட பத்து?"

"அது என்னுதுன்னு நெனச்சு."

அவள் எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.