பத்து சென்டிமீட்டர் ஜன்னல்

மூன்றாவது கேள்வியைப் படித்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆறு வருட உழைப்பைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால், முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் சாவகாசமாகக் கேட்கிறார்: ஒவ்வொரு நிலையமாக விலக்கிவிட்டு முடிவைத் திரும்பக் கணக்கிட்டுக் காட்டவும். மொத்தம் பதினேழு நிலையங்கள். அவருக்கென்ன, ஒரு வரியில் எழுதிவிட்டார். முதுகு ஒடியப்போவது எனக்கு.

விஷயம் இதுதான். கண்ணாடிகள் பதித்த ஓர் உலோகப் பந்து பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே பதினேழு நிலையங்களிலிருந்து அதன் மேல் லேசரை அடித்தால் ஒளி திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லலாம். சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது என்கிறது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. அது சரியென்றால் பந்தின் பாதை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் திரும்பவேண்டும். கோட்பாடு சொல்லும் அளவை ஒன்று என்று வைத்தால், எனக்குக் கிடைத்த விடையும் ஒன்று. பிழை இரண்டே சதவீதம். "ஒண்ணுன்னு சொல்ல ஆறு வருஷமா? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்பார் என் வீட்டுக்காரர்.

பதினாறு நிலையங்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். விடை அசையவில்லை. பதினேழாவதாக எங்கள் நிலையத்தை விலக்கினேன். ஒன்று என்பது 0.81 ஆனது, பிழை பதினைந்து சதவீதமாக எகிறியது. மற்ற பதினாறும் சும்மா கூட நின்றிருக்கின்றன. பாரத்தை மொத்தமும் சுமந்தது எங்கள் நிலையம்தான், அதுவும் அதன் பகல் நேர அளவுகள். வெயிலில் மற்றவர்கள் திணறும்போது எங்களுக்கு மட்டும் அளவுகள் சுத்தமாக வந்து குவியும். அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு.

அந்தச் சான்றிதழுக்குச் சொந்தக்காரி என் நாத்தனார். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் தொலைநோக்கியையும் லேசரையும் இயக்குபவள் அவள்தான். அவளுடைய அண்ணனுக்கு என்னைப் பேசி முடித்தவளும் அவளே. ஆகவே வீட்டிலும் வேலையிலும் எனக்கு அவளிடமிருந்து விடுதலை கிடையாது. பகல் இரண்டு மணிக்கு மாடி ஏறினேன்.

"என்ன அண்ணி, மூச்சு வாங்க ஏறி வந்திருக்கீங்க? யார் தலையை உருட்டப் போறீங்க?"

"உன் பகல் அளவு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"நல்லா இருந்தா ஏன் நல்லா இருக்குன்னு கேக்குற ஒரே ஆளு நீங்கதான்."

பந்து அப்போது வானத்தில் இருந்தது. லேசர் துடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு குறுகிய பட்டை, அது நிறையப் புள்ளிகள். வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துளியும் ஒரு புள்ளி. பந்திலிருந்து திரும்பியவை ஒரு கோடாகச் சேரவேண்டும், வெயிலிலிருந்து வந்தவை கண்டபடி சிதறவேண்டும். கோடு எதையும் காணோம்.

"கோடு எங்கே?"

"பகல்ல கோடெல்லாம் எங்க தெரியுது அண்ணி? ஜன்னலுக்குள்ள விழுறதை எல்லாம் எடுத்து சராசரி போட்டு கம்ப்யூட்டரே அனுப்பிடும்."

ஒளி எந்த நேரத்துக்குள் திரும்பினால் ஏற்றுக்கொள்வது என்ற எல்லையைத்தான் நாங்கள் ஜன்னல் என்போம்; நேரத்தைத் தூரமாக மாற்றி அளப்போம். அந்த ஜன்னலின் நடு, பந்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே நான் கணக்கிட்டு அனுப்பும் தூரம்.

"தொலைநோக்கியை ஒரு டிகிரி தள்ளி வை."

"அங்க பந்து இல்லையே."

"அதுக்குத்தான் சொல்றேன். வை."

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினாள். வெறும் வானம். பத்து நிமிடம் கழித்துத் திரையில் பச்சை எழுத்து வந்தது: அளவு நன்று. என் கணிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்.

ஒரு பட்டைக்குள் புள்ளிகள் சமமாகச் சிதறினால் சராசரி பட்டையின் நடுவில்தான் வரும். அந்த நடுவை வைத்தவள் நான். வைத்த கணக்கில் ஐன்ஸ்டைன் சொன்ன திருப்பத்தையும் சேர்த்தே வைத்திருந்தேன். என் விடையையே வெயிலில் காயவைத்து எனக்கே திருப்பித் தந்திருக்கிறது எங்கள் நிலையம். நானும் அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியிருக்கிறேன்.

"உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். "எதைப் பார்க்கிறோம்னுகூடத் தெரியாமலா ஆறு வருஷம் அனுப்பினே?"

அவள் சுவரைக் காட்டினாள். என் மின்னஞ்சல் ஒன்றை அச்சடித்து ஒட்டியிருந்தாள். ஆறு வருடம் பழையது. 'பகலில் ஜன்னலைப் பத்து சென்டிமீட்டராகக் குறுக்கவும். குப்பையை அனுப்ப வேண்டாம். சராசரி போதும், புள்ளிகளை அழித்துவிடவும்.'

"குப்பைன்னு எழுதினீங்க. அன்னைக்கு உக்காந்து அழுதேன். அப்புறம் ஒரு நாளாவது உங்ககிட்ட குப்பை வந்துச்சா அண்ணி?"

புள்ளிகள் இருந்தால் மறுபடி பிரித்துப் பார்க்கலாம். அவற்றை அழிக்கச் சொன்னவளும் நானே.

தொலைநோக்கியைப் பந்தின் மேல் திருப்பச் சொல்லி, ஜன்னலை இரண்டு மீட்டராக அகட்டச் சொன்னேன். திரை முழுக்கப் புள்ளிமழை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மெல்ல ஒரு கோடு தெளிந்தது. நடுவிலிருந்து பதினெட்டு சென்டிமீட்டர் தள்ளி.

"அதுதான் பந்தா?"

"ஆமா."

"அப்போ இன்னைக்கு அதை வெளிய நிறுத்திட்டு நாம…" எத்தனை நாள் இப்படி நிறுத்தினோம் என்று சொல்ல எங்களிடம் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

கீழே வந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'நிலையத்தை இயக்கியவரின் கவனக்குறைவால்' என்று விரல்கள் தாமாகவே அடித்தன. அந்த வரி படிக்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். 'ஜன்னலைக் குறுக்கச் சொன்னது நான். புள்ளிகளை அழிக்கச் சொன்னதும் நான்' என்று எழுதி அனுப்பினேன். அழுகை வரவில்லை. மேஜையை உதைத்ததில் கால் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம்.

மாடியிலிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணி, அஞ்சரைக்குப் பந்து அடுத்த தடவை வருது. ஜன்னல் எவ்வளவு வைக்கட்டும்?"

ஆறு வருடத்தில் அவள் என்ன கேட்டாலும் என் நாக்கு நுனியில் ஓர் எண் தயாராக இருக்கும்.

"எனக்குத் தெரியல," என்றேன். "நீ எவ்வளவு வைப்பே, சொல்லு."