கிளாட்சனுக்கு ஒரு வாழ்த்து மடல்

பூதலூர் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தோணியார் திருவிழாவுக்கு யார் விருந்து போடுகிறாரோ, அவருக்கு மேடையில் வாழ்த்து மடல் வாசித்தாக வேண்டும். நான் தமிழாசிரியை என்பதால் அதை எழுதுவது என் தலையில்தான் விழும். இந்த வருஷம் விருந்து கிளாட்சனுடையது. புழுங்கலரிசி ஆலைக்காரர். நெல் ஊறிப் புளித்த தண்ணீரை அப்படியே எங்கள் வாய்க்காலில் திறந்துவிடுகிறவர். அந்த நாற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் எங்கள் வீடுகளில் உலை வைக்கிறோம். அந்தத் தண்ணீர் பாய்ந்து என் தம்பி மதலைமுத்துவின் நாற்றங்கால் அழுகிக் கிடக்கிறது. மறுபடியும் விதைக்கலாம். ஆலைக் குழாயை அடைக்காமல் விதைத்து என்ன பிரயோஜனம்?

அதனால் வஞ்சப்புகழ்ச்சியில் எழுதினேன். புகழ்வதுபோல் இகழ்வது, வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற அணிதான். "காவிரிக்கே இல்லாத நிறத்தை எங்கள் வாய்க்காலுக்கு வழங்கிய வள்ளலே, கொக்குகள் தேடி அலையாதபடி மீன்களைச் செத்து மிதக்கவிட்ட கருணையே, நாற்று நடும் சிரமத்திலிருந்து எங்களை விடுவித்த மீட்பரே." மேடையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் முகம் செத்துப்போகும், ஊருக்கு ரோஷம் வரும் என்று நினைத்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் மதலைமுத்துவும் தட்டிக்கொண்டிருந்தான்.

கிளாட்சன் மடலை வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"வஞ்சப்புகழ்ச்சிதானே டீச்சர்? நானும் படிச்சிருக்கேன். அந்தக் கொக்கு வரி பிரமாதம். பிளக்ஸ் அடிச்சு ஆலை வாசல்ல கட்டிடுறேன்."

விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கினேன். புரியாத ஆளாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பந்தியில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் வாசிச்சது உனக்குப் புரிஞ்சுதாடா?"

"எல்லாருக்கும் புரிஞ்சுதுக்கா. அதான் அப்படித் தட்டுனாங்க." எலும்பை உறிஞ்சினான். "நெல்லக் காயப்போட அவரு களத்த விட்டா நமக்கு வேற எது இருக்கு, சொல்லு. நீ நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்ட. மனசு ஆறிடுச்சு."

மனசு ஆறிவிட்டதாம். அவன் மேல் வந்த அருவருப்பு என் எழுத்தின் மேலும் வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டொரு நாளில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆலை வாசலில் பிளக்ஸைப் பார்த்தேன். அடியில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே குழாய் மஞ்சள் நுரையைக் கக்கிக்கொண்டிருந்தது. மதலைமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவிழ்ந்து தொங்கிய பிளக்ஸின் ஒரு மூலையை இழுத்து அந்தக் குழாயிலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.