காலரில் தொங்கிய காது

“நான் குறட்டை விடுறேன்னு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு? அந்த ஒரு ஆளை மட்டும் காட்டுங்க, நான் பாட்டுக்குப் போயிடுறேன்” என்று தலைமையாசிரியை மறுபடியும் குரலை உயர்த்தியபோது, பார்லர்காரி கையில் சாயக் கிண்ணத்தோடு சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் மனைவியால் எழுந்து போகவும் முடியாது. முடிந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். எதிரே இருந்த கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்.

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க மேடம்.”

“என் நாத்தனார் தலையை அலசிவிட்டுக்கிட்டே சொல்லியிருக்கீங்க. மத்தியானச் சாப்பாடு ஆனதும் பரீட்சைத் தாள் கட்டுமேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நான் குறட்டை விடுறேனாம். அவ வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சு நடிச்சே காட்டிட்டா.”

பார்லர்காரிக்கு அப்போதுதான் விளங்கியது. போன வாரம் வந்த அந்தச் சிவந்த அம்மாள் தலைமையாசிரியையின் நாத்தனாரா? நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் யார்தான் வாயைத் திறக்கப் போகிறார்கள்.

அவளுக்கு நாக்கு நீளம் என்று அந்தத் தெருவில் சொல்லிக்கொள்வார்கள். அது அநியாயம். அவள் யாரையும் தேடிப்போய் வம்பு பேசுகிறவள் அல்ல. குழாயைத் திறந்து ஒரு தலையை அதன் அடியில் சாய்த்துப் பிடித்தால் தண்ணீரோடு சேர்ந்து செய்தியும் வரும், அவ்வளவுதான். பாதிப் பேர் அதற்காகவே தலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதுவரை யார் குடியும் முழுகியதில்லை.

தலைமையாசிரியை பள்ளிக்கூடம் நடத்துகிறவர். துப்புத் துலக்குவது அவருக்குப் பழக்கம். குறட்டைப் பேச்சு ஆசிரியர் அறைக்குள் மட்டும் பேசப்பட்டிருக்கக்கூடிய பேச்சு. அது சுவரைத் தாண்டி எப்படி வந்தது? அவர் கண் பார்லரைச் சுற்றி வந்து, உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருந்த பார்லர்காரியின் மகளிடம் நின்றது. அங்கிருந்து அவள் காதுக்கு. காதில் மாட்டியிருந்த மிஷினுக்கு.

“ஓஹோ” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பார்லர்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயசிலிருந்தே காது மந்தம். இரண்டு காதிலும் மிஷின் உண்டு. ஆனால் நிறைந்த வகுப்பில் மூன்று விசிறிகள் கடகடவென்று சுற்றும்போது அந்த மிஷின் விசிறியைத்தான் முதலில் கொண்டுவந்து காதில் ஊற்றும். பாடம் அதற்குப் பின்னால் எங்கேயோ நிற்கும். பார்லர்காரி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அங்கே இருந்த அதிகாரிகளைத் தன் பேச்சாலேயே களைப்படைய வைத்து, ஒரு மைக் வாங்கினாள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆசிரியர் காலரில் மாட்டிக்கொண்டு பேசினால் பேச்சு நேரே பெண்ணின் காதுக்குப் போய்விடும். இடையில் விசிறி இருந்தாலும் சரி, சுவர் இருந்தாலும் சரி.

மைக்கோடு அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு சிறப்பாசிரியை வந்தார். நாலைந்து பள்ளிகளைச் சுற்றிவருவது அவர் வேலை. கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள், பிள்ளை உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். கணக்கு வாத்தியாரின் மீசை மேலுதட்டை மூடுகிறது, கொஞ்சம் வெட்டினால் நல்லது என்றும் சொல்லிவிட்டார். கல்லூரிக் காலத்திலிருந்து எண்ணெய் ஊற்றி வளர்த்த மீசை. சொத்தில் பங்கு கேட்டதுபோல அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அரசாங்க உத்தரவில் மைக் இருக்கிறது, மீசை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அறிவியல் டீச்சர் நல்ல மாதிரி. சின்ன வயசு, கல்யாணம் ஆகவில்லை. மைக்கைச் சந்தோஷமாக மாட்டிக்கொண்டார். மாட்டியதை மறந்தும் போனார். மணி அடித்ததும் அதோடேயே ஆசிரியர் அறைக்குப் போனார், தண்ணீர்க் குழாய்க்குப் போனார், இன்னும் எங்கெங்கேயோ போனார். அதையெல்லாம் இங்கே சொல்வது மரியாதை இல்லை. பெண் பாட்டுக்கு வகுப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். ஆசிரியர் அறை மொத்தமும் வானொலி நாடகம்போல அவள் காதுக்குள் நடந்தது.

கேட்டதில் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். குறட்டையை. அம்மாதானே என்று.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் கூட்டம். பார்லர்காரியையும் பெண்ணையும் வரச்சொல்லியிருந்தார்கள். சிறப்பாசிரியையும் வந்திருந்தார். மைக் மேசைமேல் கிடந்தது. தேளைப் பார்ப்பதுபோல எல்லோரும் அதை எட்ட நின்று பார்த்தார்கள். அறிவியல் டீச்சர் அழுது மூக்கு சிவந்திருந்தார். தான் போன இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார் போலும். கணக்கு வாத்தியார் அந்தக் கருவி நெஞ்சுக்கு ஆகாது என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு மீசையைத் தடவினார்.

தலைமையாசிரியை குரலை இறக்கிப் பேசினார். அது சத்தம் போட்டதைவிட மோசமாக இருந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே தூரத்து ஊரில் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறதாம். நல்ல பள்ளியாம். இங்கே யாரும் மைக் மாட்டத் தயாராக இல்லாதபோது பிள்ளை விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம் என்றார்.

மாட்ட மாட்டோம் என்று சொல்லப் பள்ளிக்கு உரிமை இல்லை, விதி இருக்கிறது என்றார் சிறப்பாசிரியை.

“விதி சரி. கழுத்து யாரோடது?” என்றார் தலைமையாசிரியை.

பார்லர்காரி தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பேச வராமல் நின்றாள். தவறு பெண்ணுடையது இல்லை, அறிவியல் டீச்சருடையதுகூட இல்லை. தன் வாயுடையது. அந்த வாய்க்காகப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போக வேண்டும்.

அப்போது பெண்ணே பேசினாள். அவள் பேச்சு கொஞ்சம் மழுங்கலாகத்தான் இருக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

“டீச்சர் அணைக்க மறந்துட்டாங்க. நான் கேட்டுட்டேன். அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அதுவே தப்பு. மீதியை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”



“மீதியா?” என்றார் கணக்கு வாத்தியார். மீசைக்குப் பின்னாலிருந்து அது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல வந்தது.

அடுத்த திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று சிறப்பாசிரியை ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் பெண் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் ‘ம்’தான். பார்லர்காரி கெஞ்சினாள், தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். “மன்னிச்சுடு கண்ணு, இனிமே நான் ஊமை” என்று ஆரம்பித்து, “ஆமா, அந்த மீதி என்னடி?” என்று முடித்தாள். பெண் இரண்டு மிஷினையும் காதிலிருந்து கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மற்ற வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவளுக்குக் கதவுகூடத் தேவையில்லை.

அந்த வாரம் பார்லரில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அறிவியல் டீச்சர் புருவம் எடுக்க வந்தார். எடுத்த புருவம் முளைப்பதற்குள் மறுபடியும் வந்தார். பொண்ணு ஏதாவது சொன்னாளா அக்கா என்று மெதுவாகக் கேட்டார். கணக்கு வாத்தியார் பெண்கள் பார்லருக்குள் தலையை நீட்டி, அம்மாவுக்கு ஷாம்பு வேண்டும் என்றார். எது என்று கேட்டால் தெரியவில்லை. நூலகத்து அம்மாள் வந்தார், ஓவிய ஆசிரியை வந்தார். தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் ஒவ்வொருவர் கேள்வியும். மற்றவர்களைப் பற்றித் தான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பார்லர்காரி எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். யாரும் நம்பவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே, என்ன அழுத்தம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். இப்படி ஒரு நல்ல பெயரை அவள் கனவிலும் எதிர்பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியை வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. தலையை அலசிவிடச் சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர் ஓடியது. பார்லர்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“குறட்டை போகட்டும்” என்றார் அவர், கண்ணை மூடியபடி. “வேற என்ன சொல்றாங்க என்னைப் பத்தி?”

பார்லர்காரிக்கு நாக்கு துறுதுறுத்தது. இல்லாததை ஒன்று கட்டிவிடலாம். நீங்கள்தான் அந்தப் பள்ளியின் தூண் என்று எல்லோரும் பேசிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு தலையலசலில் காரியத்தை முடித்துவிடலாம். வாய் பாதி திறந்தும்விட்டது. பிறகு உள்ளே துண்டு மடிக்கும் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. பெண் இந்த வாரம் கடைப்பக்கமே வரவில்லை.

“சத்தியமா தெரியாதுங்க மேடம். என் பொண்ணு என்கிட்ட பேசியே அஞ்சாறு நாளாச்சு. நான் கேட்டேன், கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வார்த்தை வரல. பெத்தவளையே நம்ப மாட்டேங்குறா. இப்படிப்பட்டவளை எந்த ஊருக்கு அனுப்பினாலும் அங்கே போய்த் தனியாத்தான் உட்கார்ந்திருப்பா.”  குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை நுரையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்ககிட்டயே சொல்லலையா?”

“இல்லைங்க.”

“நீங்க இந்த ஒரு வாரமா கேட்டும்?”

“என் வாயைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. சும்மா கேட்டிருப்பேனா?”

அவர் கண்ணாடியில் தன்னைத்தானே கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்ககிட்டயே வாயைத் திறக்காதவ வேற யார்கிட்டயும் திறக்க மாட்டாம்மா” என்றார். “எங்க ஆசிரியர் அறையில அப்படி ஒரு ஆள் கிடையாது. என்னையும் சேர்த்து.”

திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குள் தலைமையாசிரியையே வந்தார். மைக்கைத் தன் கழுத்தோரம் தானே மாட்டிக்கொண்டு வரலாறு நடத்தினார். மணி அடித்ததும் எல்லோரும் பார்க்க அதை அணைத்து அடுத்த பாடத்துக்குக் கொடுத்தார். தலைமையாசிரியை கழுத்திலேயே தொங்கியதை நெஞ்சுக்கு ஆகாது என்று யார் சொல்வது? கணக்கு வாத்தியாரும் வாங்கி மாட்டிக்கொண்டார். பாடம் முடிந்ததும், சமையல் கேஸை அணைத்தோமா என்று மூன்று முறை பார்க்கிற வீட்டுக்காரிபோல அதன் விளக்கைத் தடவித் தடவிப் பார்த்தபடி வெளியே போனார்.

பெண் அம்மாவோடு பேச மேலும் ஒரு வாரம் ஆனது. முதலில் பேசியது ஷாம்பு பாட்டில் எங்கே என்பது. பார்லர்காரிக்கு அது போதுமாயிருந்தது.

பரீட்சை முடிந்ததும் பார்லருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அறிவியல் டீச்சருக்கும் கணக்கு வாத்தியாருக்கும். பார்லர்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த டீச்சரின் புருவத்தை இத்தனை தடவை எடுத்துவிட்டிருக்கிறாள், மூச்சு விடவில்லையே.

“உனக்குத் தெரியுமாடி?”

“மழைக்காலத்திலேர்ந்தே தெரியும்.”

“அதுதானா அந்த மீதி? அவர் என்ன கேட்டார், அவ என்ன சொன்னா?”

“பத்திரிகையில எல்லாம் போட்டிருக்கே, படிச்சுக்கோ” என்றாள் மகள்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மேலுதடு இருப்பது முதல்முறையாக ஊருக்குத் தெரிந்தது. மீசை போனது பார்லர்காரி மகளுக்காகவா, மணப்பெண்ணுக்காகவா என்பது பற்றிப் பார்லரில் இரண்டு கட்சி உண்டு. தம்பதிக்கு அடுத்த வருஷமே வேறு மாவட்டத்துக்கு மாற்றல் கிடைத்துப் போய்விட்டார்கள். தலைமையாசிரியையின் நாத்தனார் தன் மகனுக்கு மருந்துக்கடைக்காரர் மகளையே எடுத்தாள். பேச்சு ஆரம்பித்தது தன் கடையில்தான் என்று பார்லர்காரி சொல்லிக்கொள்கிறாள், சம்பந்திகள் இருவரும் மறுக்கிறார்கள். தலைமையாசிரியை ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனார். பார்லர்காரியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வெளியூர் போயிருக்கிறாள், விடுதியில்தான். வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். அங்கே யார் யாரோடு என்ன என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.