மருந்து படாத தட்டு

என் அவசர புத்திக்கு அக்கா வைத்த பெயர் பட்டாசு. ஆஸ்பத்திரியின் செல் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தும் அந்தப் பெயரை நான் காப்பாற்றித்தான் வந்தேன்.

அக்காவுக்கு வயிற்றில் புற்றுக்கட்டி. இரண்டு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மூன்றாவதையும் பார்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“போதும்டா,” என்றாள் அக்கா. “வாந்தி எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு. வீட்டுக்குப் போய் ஜன்னலோரமா படுத்துக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்.

“உன் கட்டியிலேர்ந்து எடுத்த செல்லை எங்க லேப்ல வளர்க்கிறோம். அதுமேல மூணாவது மருந்தை விட்டுப் பார்க்கிறேன். வியாழக்கிழமை வரைக்கும் பொறு.”

“விட்டா என்ன ஆகும்?”

“ஒவ்வொரு செல்லுக்கும் தானா சாகத் தெரியும்க்கா. கெட்டுப்போனா சத்தமில்லாம தன்னை முடிச்சுக்கும். புற்று செல்லுக்கு அது மறந்துபோச்சு. மருந்து ஞாபகப்படுத்தணும்.”

“மறதிக்காரப் பயலுங்க,” என்று சிரித்தாள்.

வியாழன் காலை, மருந்து விட்டிருந்த செல் தட்டில் சாயம் விட்டேன். சாகத் தொடங்கிய செல் பச்சையாக ஒளிரும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தட்டு முழுக்கப் பச்சை.

எங்கள் வேலையில் எப்போதும் இரண்டு தட்டு. ஒன்றில் மருந்து விடுவோம், மற்றதில் விடமாட்டோம். இரண்டையும் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத் தொண்டை கிழியச் சொல்வதே நான்தான். அன்று இரண்டாவதைத் தொடக்கூட இல்லை. வார்டுக்கு ஓடினேன்.

“செத்துப்போச்சுக்கா! எல்லாம் செத்துப்போச்சு!”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நோயாளி அம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தார். அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு டாக்டரை வரச் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். பதினோரு மணிக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் மருந்து படாத தட்டிலும் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அதுவும் பச்சை.

செல் வளரும் பெட்டியான இன்குபேட்டருக்குக் கேஸ் தரும் சிலிண்டர் காலியாகியிருந்தது. புதன்கிழமை அதை மாற்றுவது என் முறை. நான் வார்டே கதி என்று இருந்தேன். கேஸ் இல்லாமல் தவித்து, இரண்டு தட்டுச் செல்களும் செத்திருந்தன. மருந்துக்கு அதில் பங்கு உண்டா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். “அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன். வாந்திக் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தவள் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

“எனக்குக் காலையிலயே நம்பிக்கை இல்லைடா.”

“அப்புறம் ஏன்க்கா கையெழுத்துப் போட்டே?”

“உன் மூஞ்சியைப் பார்த்தேன். வேண்டாம்னு சொல்ல மனசு வரலை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி குத்தியிருந்த கையை நகர்த்தி என் விரலைப் பிடித்தாள்.

“பட்டாசு, இப்பவாவது நான் வீட்டுக்குப் போகட்டுமா?”

தன் உயிர் விஷயத்தில் அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். அவளுடைய செல்லுக்கு மறந்துபோனதைச் சொல்லிக்கொடுக்கத் துடித்த எனக்கு, அவளைப் போகவிட மட்டும் அதுவரை தெரியவில்லை.

“போகலாம்க்கா.”

மருந்தை நிறுத்தச் சொல்ல நர்ஸிடம் போனேன். அன்று முதல்முறையாக, ஓடாமல் நடந்து போனேன்.