தாய்மாமன் பட்டு

இலங்கையின் மன்னாரில் வாழ்க்கைப்பட்ட தங்கை காவேரியின் மகளுக்கு இன்று மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் உதயகுமார், தானே நெய்த சிவப்புப் பட்டோடு காஞ்சிபுரத்திலேயே உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட் வந்தபாடில்லை.

"பிரான்சுல நாங்க டிராம் ஏறி ஜெர்மனிக்குப் போயி கீரை வாங்கிக்கினு வர்றோம்," என்றான் விடுமுறைக்கு வந்திருந்த நண்பன் கமல். "கென்யாக்காரன் வெறும் அடையாள அட்டையோட உகாண்டா போறான்பா."

"நம்ம பக்கமும் எட்டு நாடு கூடி சங்கம் வச்சிருக்குதே, எதுக்கு?" உதயகுமார் எரிந்து விழுந்தான்.

வீடியோ அழைப்பில் மருமகள் தலைகுனிந்து நின்றாள். மாமன் கையால் பட்டைத் தோளில் போர்த்தவேண்டிய நேரம். அவன் பட்டை விரித்து, போனின்மேலேயே போர்த்தினான்.

"ஐயோ, அவளுக்கு ஒண்ணும் தெரியாதேப்பா!" என்றான் கமல்.

பட்டுக்கு அடியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "எல்லாம் சிவப்பாத் தெரியுது மாமா. எடுக்காதேங்கோ."