பதிமூன்றாவது கட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குப் பாட்டுக் குழுவில் வைத்த பெயர் மீட்டர். ரிதம் கிடார் வாசிப்பான், எண்ணிக்கை பிசகாது. மெதுவான ப்ளூஸில் சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு அடி. எந்தக் கட்டத்தில் எந்தக் கோர்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தத் திறமைதான் போன மாதம் அவன் அக்காவின் மானத்தை வாங்கியது.

முன்னால் நின்று சோலோ வாசிப்பவள் அக்கா. கண்ணை மூடினால் உலகம் மறந்துவிடும், கணக்கும் சேர்ந்துதான். அன்று எட்டாவது கட்டத்தில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்தங்கினாள். மீட்டர் சட்டப்படி ஒன்பதுக்குத் தாவினான். அவள் சுரமும் இவன் கோர்டும் குழாயடிச் சண்டை மாதிரி முட்டிக்கொண்டன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நான் சரியாத்தானே அடிச்சேன்?"

"ஆமாடா, நீ சரி. அத்தனை பேர் முன்னாடி நான் தப்பு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

சொன்னால் செய்வாள். பல் பிடுங்கும் டாக்டரிடம் பத்து வருடமாக உதவியாளராக இருப்பவள்.

இன்று ஞாயிறு மதியம், பணிமனைத் தொழிலாளர் மன்றம். மடக்கு நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. பேஸ் கிடார் வாசிக்கும் பஸ் டிரைவர் காதோரம் குனிந்தார்.

"மீட்டரு, இன்னைக்காவது கொஞ்சம் சூடு ஏத்துப்பா."

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே."

டிரம்ஸில் இருந்த அக்கா வீட்டுக்காரர் நாலு தட்டினார். மீட்டர் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் மட்டும் ஒரு வெட்டு வெட்டினான். வெட்டியதும் சத்தம் நீளாமல் கம்பியை அமுக்கினான். கேபிள் முனகுவதை வைத்தே லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறவன். அந்தக் காதை இன்றுதான் அக்கா பக்கம் திருப்பினான்.

மூன்றாவது சுற்று, எட்டாவது கட்டம். அக்கா கம்பியை வளைத்து ஒரு சுரத்தைத் தூக்கினாள். இறங்குகிற எண்ணமே இல்லை என்று அவனுக்குக் கேட்டுவிட்டது. ஆனால் மண்டைக்குள் ஒன்பது வந்துவிட்டது. விரல் அரித்தது.

கோர்டை மாற்றவில்லை.

டிரைவரின் விரல் கிளம்புவதைப் பார்த்து, நில்லுங்கள் என்பதுபோல் கிடாரின் கழுத்தை வெடுக்கென்று உயர்த்தினான். அவர் குறுக்கே ஆள் வந்ததுபோல் பிரேக் போட்டார். மாமாவுக்குக் கோர்டும் தெரியாது, கட்டமும் தெரியாது. பெண்டாட்டி முதுகைப் பார்த்தே தட்டிக்கொண்டிருந்தார். முழுதாக நாலு அடி, ஒரு கட்டம் கூடுதலாக, மூன்று பேரும் அவளுக்குக் கீழே தரையாக நின்றார்கள். அவள் சாவகாசமாக இறங்கினாள். கால் பதிந்த நொடியில் அடுத்த கோர்டை ஓங்கி அடித்தான்.

மன்றமே எழுந்துவிட்டது. ஒரு நாற்காலி சரிந்தது. யாரும் தூக்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்து திரும்பினாள். உதடு மட்டும் அசைந்தது: "எத்தனை?"

கை வேலையில் இருந்ததால் அவனும் உதட்டாலேயே சொன்னான்: "பதிமூணு."

சிரித்துவிட்டாள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே சுரத்தை வேண்டுமென்றே பிடித்தாள். அவனும் கோர்டை மாற்றாமல் நின்றான். கூட்டம் இன்னும் சத்தமாகக் கத்தியது.

மேடையை விட்டு இறங்கும்போது டிரைவர் கேட்டார், "பன்னெண்டைப் பதிமூணாக்கிட்டியே, வெக்கமா இல்ல?"

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க? பாட்டைக் கேக்கலையாண்ணே?"

அக்கா ஒயரைச் சுருட்டி அவன் தோளில் மாட்டினாள்.

"அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தே, வேற ஆளுதான்."