துண்டில் சுற்றிய உருண்டை

மகள் பிறந்து ஐம்பது நாளாகியும் பிரேம்நாத் அவளை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. பைக்கிலிருந்து விழுந்து தோள் முறிந்ததில் வலது கையில் தெம்பே இல்லை. போன வாரம் தடுப்பூசி போட்ட இடத்தில் நர்ஸம்மா பிள்ளையை நிறுத்து, "நாலு கிலோ நூறு" என்று சொன்னபோதும் மனுஷன் எட்டித்தான் நின்றான். மனைவி அகல்யாவுக்குத் தாங்கவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் மோகனப்பிரியா, "ரெண்டு கிலோ எடைப்பந்த ரெண்டு கையாலயும் புடிச்சி, மடியிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் பத்து தடவ தூக்குங்க. போகப் போக எடையக் கூட்டிக்கலாம்" என்று மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தாள். விருத்தாசலத்தில் மண்ணுக்கா பஞ்சம்? அவன் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டிலிருந்து ஒரு மூட்டைக் களிமண் வந்தது. அகல்யா ரெண்டு கிலோ நிறுத்து உருட்டி, பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

முதல் நாள் ஒரு தடவைக்கே அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் வாரம் பத்தைத் தொட்டுவிட்டான். எண்ணிக்கொண்டிருந்த அகல்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கி பாப்பாவத் தூக்குறேன்" என்றான்.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மண் காய்ந்தால் எடை குறையுமே! நாலு வருஷம் பீங்கான் பொம்மைக்குப் பிசிறு எடுத்தவளுக்கு இதுகூடவா தோன்றாமல் போகும்? ரெண்டு கிலோவே பிள்ளையின் எடையில் பாதிதான்; அதுவும் காய்ந்து லேசாகிப்போன உருண்டையைத் தூக்கிவிட்டு அவன் கையை நம்புகிறான். பிள்ளை நழுவிவிட்டால்?

பக்கத்து வீட்டு வாசுகியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, உருண்டையோடு மளிகைக் கடைக்கு ஓடினாள். தூக்கும்போதே கனத்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தாள்.

தராசு நாலு கிலோ நூறு காட்டியது.

துண்டை அவிழ்த்தாள். மேலெல்லாம் ஈரமான புதுமண், அழுத்தி அழுத்தி அப்பிய விரல் தடங்கள்.

திரும்பி வந்தபோது பிரேம்நாத் வாசலில் நின்றான்.

"இது எப்படிங்க இவ்ளோ கனமாச்சி?"

"மண்ணு காயும்னு பீங்கான் அச்சு வேல பாக்குறவனுக்குத் தெரியாதா? நீ பாப்பாவ குளிப்பாட்டும்போதெல்லாம் இந்தக் கையாலயே பெசஞ்சி கொஞ்சம் கொஞ்சமா அப்புனேன். அவ எடைக்கி வரட்டும்னு."

அகல்யா உருண்டையைக் கீழே வைத்தாள். வாசுகியிடமிருந்து பிள்ளையை வாங்கி அவன் கையில் வைத்தாள். பிடி தளரவில்லை. பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

"உருண்டையவிட லேசா இருக்குது" என்றான். அவனுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.